கரி பஸ் பயணத்தில் கேட்ட ஜெபம்

கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு முப்பத்தெட்டு மைல். யுத்தத்துக்கு முன்னால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம். இப்போது பெட்ரோல் கிடையாது; பின்னால் உலை கட்டிய கரி பஸ்தான். கட்டணம் பதினான்கு அணா, மேட்டில் இறங்கித் தள்ளுவது இனாம். போகாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

காலை ஏழு மணிக்கு ஏறினேன். மைசூர் மண்டி மொஹல்லா மரக்கடையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரின் கால்மேல் மரம் உருண்டுவிட்டது. அந்தக் கால் பிழைக்குமா, எடுத்துவிட வேண்டியதுதானா என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இன்று முடிவு செய்வார் என்று கடை ஆள் வந்து சொல்லிப் போயிருந்தான்.

எந்தப் பயணத்திலும் பக்கத்தில் இருப்பவருக்கு இயேசுவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் நான் இறங்கியதில்லை. போன ஞாயிறுகூடப் பெண்கள் கூட்டத்தில், கவலைப்படக் கூடாது என்று அரைமணி நேரம் முழங்கினேன். இன்றைக்கு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவள் ஹனூர் கிராமத்து நாச்சாயி. மகளுக்கு மைசூரில் பிரசவம். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அவள் சொல்ல, நானும் என் கதையைச் சொன்னேன்.

பத்து மணி சுமாருக்கு நரசீபுரத்தில் கரி போட நிறுத்தினார்கள். மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்து, வழக்கம்போலக் கண்ணை மூடினேன்.

"தலைவலிங்களா அக்கா?" என்றாள் நாச்சாயி.

"இல்ல, ஜெபம் பண்ணினேன்."

"அண்ணனோட காலுக்குங்களா?"

"சோத்துக்கு நன்றி சொன்னேன்."

"சோறுதான் கையில இருக்குதுங்களே. காலைக் கேளுங்க."

"கேக்கப் பயமா இருக்குது. இல்லைன்னு சொல்லிட்டா?"

"எங்க சாமியும் ரெண்டு தடவ இல்லைன்னுதானுங்க சொல்லுச்சு. அதுக்காவக் கேக்காம இருக்க முடியுங்களா? எம் புள்ளைக்கும் சேத்துக் கேளுங்க. வாய் விட்டுக் கேளுங்க, எனக்கும் காதுல விழோணும்."

கேட்டேன். கண்டக்டர் முதல் எல்லாரும் பார்க்க, முதலில் அவள் மகளுக்கு, பிறகு என் வீட்டுக்காரருக்கு. நடுவில் குரல் உடைந்துவிட்டது. நாச்சாயி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

வருணா கிராமம் தாண்டி மேட்டில் ஒருமுறை பஸ்ஸைத் தள்ளி, மைசூர் சேரும்போது மணி ஒன்றரை. அகலமான வீதிகள், நன்றாகப் பெருக்கியிருந்தார்கள். சாமுண்டி மலை ஊருக்குள் எங்கிருந்தும் தெரிகிறது. நின்று பார்க்க எனக்கு மனமில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். நான் பஸ் ஏறிய நேரத்திலேயே முடிந்துவிட்டதாம். அவர் மயக்கத்தில் கிடந்தார். உயிருக்குப் பயமில்லை என்றாள் நர்ஸ். எனக்குக் கடவுள்மேல் கோபம் பொங்கியது. அதை மறைத்து எழுதுவானேன்.

சாயங்காலம் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நாச்சாயி என்னைத் தேடி வந்தாள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். சொல்லிக்கொண்டே கட்டிலைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எனக்குக் குடுத்துட்டு உங்களுக்கு இல்லைன்னுடுச்சுங்களா உங்க சாமி?"

"ஆமா."

"இனியும் கும்புடுவீங்களா?"

எத்தனையோ பேருக்கு வலியப் போய்ச் சொன்னவள் நான். என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"கும்புடுவேன். ஆனா இன்னைக்கு ஆண்டவருமேல கோவமா இருக்கேன்."

நாச்சாயி என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அந்தக் கோவத்தோடயே வாங்க அக்கா. எம் பேத்தி தலையில கை வெச்சு, அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.