ஆர்லோ வாங்கிய பதினைந்து தோட்டா பிஸ்டல்

ஆர்லோ ஸ்வபோடா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மூலையில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஆழ்துளைக் கிணறுகள் அவர் கையால் இறங்கியவை. பழைய இரும்புக்குப் போன துளை வண்டியை வாங்கி, தானே பிரித்து, தானே பூட்டி, இருபத்திரண்டு வயதில் தொழில் தொடங்கினார். ஒரு குழாயை வெயிலில் தூக்கி ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தால் போதும், அது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். படித்த இஞ்சினியர் கருவி வைத்து அளந்து மறுநாள் அதையேதான் சொல்லுவான்.

எங்கள் சுடும் சங்கத்தின் மூவர் அணியில் பத்தொன்பது வருஷமாக ஓர் இடம் அவருடையது. எழுபதாவது வயதில் அந்த இடத்துக்கு ஆபத்து வந்தது. பல் டாக்டர் பிங்காம் சவால் விட்டார். சவால் விட்டால் நேருக்கு நேர் நின்று சுட வேண்டும், அதுதான் சங்கத்து வழக்கம். ஆளுக்கு ஆறு இரும்புத் தட்டு. ஆறையும் முதலில் சாய்ப்பவருக்கு ஆட்டம். மூன்றில் இரண்டு ஜெயித்தால் இடம்.

ஆர்லோவிடம் இருந்ததோ ஆறு தோட்டா ரிவால்வர். ஒன்று தவறினாலும், மறுபடி தோட்டா போடுவதற்குள் கதை முடிந்துவிடும். கை முன்பு மாதிரி இல்லை என்பதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. குறியும் தப்பக் கூடாது, தப்பினாலும் தோட்டா மிஞ்ச வேண்டும். அப்படி ஒன்றைத் தேடிச் சனிக்கிழமை பொருட்காட்சித் திடலில் நடந்த துப்பாக்கிச் சந்தைக்குப் போனார். மாட்டுப் பண்ணை வெண்டெல் கூடவே ஒட்டிக்கொண்டான்.

"இதப் பாருய்யா, முப்பது தோட்டா! தெளிச்சு விட்டா ஏதாவது ஒண்ணு படாமலா போகும்?"

"தெளிக்கிறதுக்கு நான் என்ன சோளத்துக்கு மருந்தா அடிக்கப் போறேன்?"

அடுத்த மேசையில் கண்ணாடி மாதிரி மின்னியது ஒன்று. குறி அற்புதம், ஆனால் கொள்வது எட்டே தோட்டா. டாக்டர் வைத்திருப்பதும் அதுதான். ஆர்லோ நகர்ந்துவிட்டார்.

மூலையில் மேவிஸ் என்ற கடைக்காரம்மா போலீஸ் இலாகா கழித்துவிட்ட, பதினைந்து தோட்டா கொள்ளும் பிஸ்டல்கள் ஐந்தைப் பரப்பியிருந்தாள். கறுப்புச் சாயம் போய், ஓரமெல்லாம் வெள்ளை இரும்பு பல்லிளித்தது.

"எலி கரண்டின மாதிரி இருக்கு" என்றான் வெண்டெல்.

"மேலே தேஞ்சது உறை தேச்சதுடா. போலீஸ்காரன் இடுப்புல பத்து வருஷம் சும்மா தொங்கியிருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை சுட்டிருப்பான். உள்ளே இது இன்னும் புதுப்பொண்ணு." பிறகு மேவிஸைப் பார்த்து, "கழட்டிப் பாக்கலாமாம்மா?"

அவள் விசையைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாடாவை நறுக்கிக் கொடுத்தாள். காலி என்று பார்த்து, துப்பாக்கி வாயைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குழலைக் கழற்றினார். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து உள்ளே பார்த்தார். வாய் விளிம்பில் நகத்தை ஓட்டினார். ஒன்றில் பொடிப் பள்ளம். வேண்டாம். பூட்டியபின் குழலின் தலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். இரண்டு ஆடின. வேண்டாம். நான்காவதில் விசை மணலில் இழுத்த மாதிரி வந்தது. ஐந்தாவது அசையவில்லை, ஆடவில்லை, விசை ஐஸ்குச்சி முறிகிற மாதிரி படக்கென்று விடுபட்டது. தோட்டா அடைக்கும் மேகசினின் ஸ்பிரிங் மட்டும் தொய்வு. அதை வேறு மாற்றி வாங்கினார்.

"பெரியவரே, பல்லைப் பிடிச்சுப் பாத்துக் குதிரை வாங்குற மாதிரி வாங்குறீங்க!" என்று சிரித்தாள் மேவிஸ். "ஊருக்குப் பல் டாக்டர் பிங்காமா, நீங்களா?"

மறுநாள் மதியம் சங்கமே கூடிவிட்டது.

"ஆர்லோ, அதை எந்தக் கிணத்துலேருந்து தூக்குனீங்க?" என்றார் டாக்டர்.

"என் வாயைப் பாக்காதீங்க டாக்டரே, தட்டைப் பாருங்க."

முதல் ஆட்டத்தில் டாக்டர் ஆறு தோட்டாவில் ஆறையும் சாய்த்தார். ஆர்லோவின் பிஸ்டல் இன்னும் நான்காவது தட்டில் நின்றது. கூட்டத்தில் யாரோ "பாவம்" என்றது காதில் விழுந்தது. காது சிவந்துபோனது. இரண்டாவதில் ஆர்லோ ஒன்று தவறவிட்டார், ஆனாலும் ஏழாவதில் முடித்தார். டாக்டர் அவசரத்தில் மூன்று தவறவிட்டு, மேகசின் மாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது. ஆளுக்கு ஒன்று தவறவிட்டு, இருவருக்கும் கடைசித் தட்டு பாக்கி. அதுதான் ஆகச் சிறியது. ஆர்லோ அதில் இரண்டு தவறவிட்டார். டாக்டரும் இரண்டு. அதோடு டாக்டரின் எட்டும் தீர்ந்து, அடுத்த மேகசினுக்காகக் கை இடுப்புக்குப் போனது. ஆர்லோவுக்கோ இன்னும் ஏழு பாக்கி. இப்போது அவசரம் எதற்கு? மூச்சை விட்டார். பாதி மூச்சில் நிறுத்தினார். விசையை மெல்ல மெல்ல அழுத்தினார்.

டணார்! தட்டு மல்லாந்தது.

"யோவ் கிழவா!" என்று வெண்டெல் தொப்பியை வானத்தில் எறிந்தான். டாக்டர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், பெரிய மனுஷன். ஜெயித்தவர் தன் பெயரைத் தானே அணிப் பலகையில் எழுத வேண்டும். ஆர்லோ சாக்பீஸை வாங்கி, பலகை நிறைய, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக எழுதினார். மற்ற இருவர் பெயரையும் கீழே குனிந்துதான் எழுத வேண்டியிருந்தது.