ஆலாத்தித் தண்ணி என்று நினைத்த எண்ணெய்

எங்கள் வேன் நிற்கும் இடத்தில் மண் சிவந்து கறுத்துப்போயிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரி வேனுக்கு ஆலாத்தி சுற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவப்புத் தண்ணியை முன்சக்கரத்தோரம் ஊற்றுவாள். அந்தக் கறைதான் என்று இருந்துவிட்டேன். மழை பெய்தும் போகாத ஆலாத்திக் கறை எங்கே உண்டு? அதை யோசிக்கவில்லை. சாமி காரியமாச்சே என்று அதை மிதிக்காமல் சுற்றிப் போய் வண்டியில் ஏறினேன்.

ஆலாத்தி எடுப்பது அக்காவுக்காக. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும். எங்கள் தோட்டமோ குருவிட்டையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில். பஸ் பாலத்தோடு திரும்பிவிடும். மழைக்காலத்தில் த்ரீவீலர்காரர்களும் கையை விரித்துவிடுவார்கள். ஆக, அக்காவுக்கு வழி அந்த வேன்தான். ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்து, மூன்று பேர் கை மாறி, மீட்டர் நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு என்னிடம் வந்த, கியர் தானாக மாறும் ஆட்டோ கியர் வண்டி.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை. மிதித்தேன். இன்னும் கத்தியது. பின்சீட்டில் அக்கா இரண்டு காலையும் முன்சீட்டில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த லொறிக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இவரய் மல்லி, கியர் பெட்டிய இவரய்," என்றார். முடிந்தது தம்பி, கியர் பெட்டி முடிந்தது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இடையில் இருந்தது.

வண்டியைப் பின்னோக்கி மெதுவாக உருளவிட்டு, கீழே ரோட்டோரம் கராஜ் வைத்திருக்கும் நானாவிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். முஸ்லிம் மனுசர். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்தான். விசயத்தைச் சொன்னதும் அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் அக்காவுக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார். பிறகுதான் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு வைத்தார். கறுத்த சிவப்பு. மோந்து பார்த்தார்.

"அடியில ஒழுகினது தெரியாதா?" என்று கேட்டார்.

ஆலாத்திக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆலாத்தி எடுங்க. எடுத்த பொறகு ஒருக்கா குனிஞ்சும் பாருங்க," என்றார்.

வண்டிக்கு அடியில் பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று யாருக்கும் தெரியாது. நானா மண்ணெண்ணெயால் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காயவிட்டார். இனி பவுடர் தூவி எஞ்சினை ஓடவிட்டால், கசியும் இடம் நனைந்து தானே காட்டிக்கொடுக்குமாம். தேடினால் கராஜில் பவுடர் இல்லை. என் சட்டைப்பையில் கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது. நீட்டினேன்.

"சீ சீ, அது நெத்திக்கு. வைங்க உள்ள," என்று என் கையை மடக்கிவிட்டார்.

அக்கா தன் ஹேன்ட்பேக்கைத் திறந்து முகப்பவுடர் டின்னை எடுத்தாள். "இந்தாங்க நானா. எம் மூஞ்சிக்கு இதுக்கு மேல போட்டு என்னாத்துக்கு? வண்டியாவது அழகா இருக்கட்டும்."

வாசனையான பவுடர் வண்டியின் வயிற்றில் வெள்ளையாகப் படிந்தது. எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு இடம் நனைந்தது. கியர் பெட்டிக்கு அடியில் இருக்கும் தட்டின் விளிம்பு ஒன்று, பின்பக்கம் சுழலும் தண்டு உள்ளே போகிற இடத்தில் எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையமான சீல் ஒன்று.

"ஒரேயடியா எல்லா எண்ணெயையும் எறக்கிட்டு புதுசு ஊத்திருங்க நானா," என்றேன்.

"அதத்தான் செய்யப்படாது. இத்தன வருசம் யாரும் மாத்தாத எண்ணெய். ஒரே நாள்ல எல்லாத்தயும் எடுத்தா அந்த அழுக்கால உள்ள இருக்கிற பிடிமானமும் அதோட போயிரலாம். தட்டக் கழட்டினா கொஞ்சம் எறங்கும். அந்த அளவுக்கு மட்டும் புதுசு. ரெண்டு கிழமை, பதினாலு நாள் ஓடினதும் இன்னும் கொஞ்சம்."

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் அக்கா. "வேகமா உறிஞ்சுனா மயக்கம் போட்டு விழுந்துருவேன். நர்ஸ் அம்மா 'ஹெமின் ஹெமின்'னு மெதுவாதான் மெஷின திருப்புவாங்க."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல," என்று நானா அப்போதுதான் சிரித்தார். பிறகு தன்னுடைய ஜீப்பிலேயே அக்காவை மேலே தோட்டத்து லயத்து வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை தட்டைக் கழற்றினார். நான் எண்ணெய் விழும் பேசினைப் பிடித்துக்கொண்டேன். இறங்கிய எண்ணெயை ஒரு சொட்டு சிந்தாமல் தண்ணீர் போத்தல்களில் அளந்து ஊற்றி வரிசையாக வைத்தார். தட்டின் உள்ளே அடியில் ஒரு சின்னக் காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் சேறு ஒட்டியிருந்தது. அதை விரலில் எடுத்து, வெளிச்சத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துப் பார்த்தார்.

"தூள்தான். துண்டு இல்ல," என்றார். "துண்டு இருந்தா லொறிக்காரர் சொன்னது சரி. தூள் வண்டிக்கு வயசானா வாறது."

சீல் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வியாழன் பகலாகிவிட்டது. பழைய சீல் காய்ந்த கருவாட்டுத் தோல் மாதிரி விறைத்திருந்தது. புதியதைப் பொருத்தி, தட்டுக்குக் கசிவை அடைக்கும் புது கேஸ்கட் வைத்து, ஆணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். நான் உதவி என்று ஒன்றை இறுக்கப் போனேன்.

"விடுங்க. கூட இறுக்கினா தட்டு வளையும், பொறகு அங்கனதான் ஒழுகும்."

போத்தல்களைப் பார்த்து அதே அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றினார். தெளிந்த சிவப்பு. என் வாழ்நாளில் எத்தனையோ பேர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை பொறுமையாக ஒரு மனுசன் கும்பிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன், வேலை செய்து பார்த்ததில்லை.

"இனி ஒண்ணும் ஆகாதுல்ல நானா?"

"அப்படி வாக்குத் தர ஏலாது. நாளைக்கு ஏத்தத்துல நானும் வாறேன்."

வெள்ளிக்கிழமை காலை அக்காவை இரத்தினபுரிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது நானா ஜும்ஆ தொழுகை முடித்து, வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் நின்றிருந்தார். முன்சீட்டில் ஏறினார். பின்னால் அக்கா களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரப்பர் ஏற்றத்தின் நடுவில், "இங்க நிப்பாட்டுங்க," என்றார்.

"இங்கயா?"

"இங்க எடுக்காத வண்டி, அவசரத்துக்கும் எடுக்காது."

நிறுத்தினேன். முருகனை நினைத்துக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. மிதித்தேன். சத்தம் கூடவில்லை. கீழேயிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளியது போல வண்டி ஏறியது.

அக்கா கண் விழித்தாள். "ஏன் நின்னுச்சு?"

"ஒண்ணுமில்ல அக்கா, தூங்குங்க," என்றார் நானா.

லயத்து வாசலில் இறங்கியதும், நான் தடுக்கத் தடுக்க, அந்த வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். தட்டின் விளிம்பில் விரலை ஓட்டி, வெளியே வந்து எங்களிடம் காட்டினார். விரல் காய்ந்திருந்தது.

"செவ்வாக்கிழம எத்தன மணிக்கு போகணும்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"விடியக்காலையில அஞ்சரைக்கு."

"போங்க," என்றார்.