சல்சா கடையில் உள்ளே இருந்த அக்கா

சல்சா தொழிலுக்கு வர்றவங்களுக்கு அரைக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, நிறுத்தத் தெரியணும். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, ஒரு பிடி கொத்தமல்லி, எலுமிச்சம்பழம், உப்பு. எல்லாத்தையும் ஜார்ல போட்டு மிக்ஸி குமிழை இடது பக்கமா ஒரு திருப்பு திருப்பி விடணும், மறுபடி திருப்பி விடணும். ஒரு மூச்சு ஜாஸ்தி ஓடிச்சுன்னா அது சல்சா இல்ல, ரசத்துக்குக் கரைச்ச தக்காளி. "இது என்னா, வேகாத சட்னியா?"ன்னு கேக்குற வாடிக்கைக்காரங்ககிட்ட பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிக்கிற என் இனத்து அக்கா தங்கச்சிங்களுக்கு, நம்ம கஷ்டத்தை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஆனா எனக்கு வந்த கஷ்டம் உங்க யாருக்கும் வந்திருக்காது.

என் பேரு மல்லிகா. அடி அண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரமா நானும் என் சினேகிதி கலாவும் சேர்ந்து போட்ட கடை இது. இடம் கலாவோட அம்மா பச்சையம்மாவோடது. அவங்க வீட்டு முன்பக்க ரூம்ல பெஞ்சு போட்டிருக்கோம், நடுவுல ஒரு தட்டி, தட்டிக்குப் பின்னால சமையல். தட்டு நீட்டுறதுக்காக தட்டியில சதுரமா ஒரு ஓட்டை. கலா உள்ள அரைப்பா, நான் வெளிய பரிமாறுவேன். வெள்ளைக்காரங்களுக்கு சோளச் சிப்ஸோட, நம்ம சனங்களுக்கு எண்ணெயில சுட்ட தட்டை மேல வச்சு. போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து கலா போயிட்டா. நாப்பது வயசுகூட ஆகல. அதுலேர்ந்து அரைக்கிறதும் நான், பரிமாறுறதும் நான். உள்ள வேற ஆளே கிடையாது.

காரம் கம்மி

கலா போய் ஒரு மாசம் ஆகியிருக்கும். மத்தியான நேரம், ரோடெல்லாம் அனல். ஆரணியிலேர்ந்து வந்த ஒரு அம்மா வீட்டுக்காரரோட வந்து உக்காந்தாங்க. தட்டை சல்சா கேட்டாங்க. வாசல்ல இருக்குற பானையிலேர்ந்து தண்ணி மொண்டு வந்து வச்சுட்டு உள்ள போனேன். மிளகாயைக் கிள்ளி ஜார்ல போடப் போன கை, பாதியைத் திரும்ப எடுத்து ஓரமா வச்சிடுச்சு. ஏன்னு எனக்கே தெரியல. காரத்துல நான் சமாதானம் பேசுற ஆளு கிடையாது. காரம் ஆகலன்னா தயிர்சாதம் சாப்பிடுங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ரகம்.

சாப்பிட்டு முடிச்சதும் அந்தம்மா ரொம்ப சந்தோஷமா கை கழுவினாங்க. வயித்துல புண்ணு இருக்குதாம், காரம் பட்டாலே எரியுமாம், இன்னைக்கு ஒண்ணும் பண்ணலையாம். முன்னாலயே என்கிட்ட சொல்லக்கூடாதாங்கன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு தட்டி ஓட்டையைக் கை காட்டினாங்க.

"நீங்க தண்ணிக்குப் போனப்ப, உள்ள இருக்குற அக்காகிட்ட சொன்னேனே. தலையாட்டினாங்களே."

ஆறாத மோட்டார்

மாசத்துக்கு ஒரு நாள் மராமத்துன்னு கரண்டை நிறுத்துவாங்க இல்ல, அப்படி ஒரு நாள். காலையிலேயே போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். வியாபாரம் இல்ல. பிளக்கை உருவி வச்சுட்டு வாசல் பெஞ்சுல உக்காந்து கீரை ஆய்ஞ்சுகிட்டு இருந்தேன். உள்ள "ர்ர்"னு ஒரு சத்தம். நின்னுச்சு. மறுபடி "ர்ர்". நின்னுச்சு. கலா கை அப்படித்தான், குமிழைத் தொட்டும் தொடாம விடுவா. கீரையை அப்படியே போட்டுட்டு எழுந்தேன். எட்டிப் பார்த்தா பிளக்கு அப்படியே தொங்குது. காலியா கவுத்து வச்சிருந்த ஜார்ல பச்சைக் கொத்தமல்லி வாசனை.

பயந்தா வேலைக்காகுமா? மிக்ஸியைத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோ ஏறி டவுனுக்குப் போயிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்ஸி ரிப்பேர் பண்ற பாஷா பாய் பல வருஷப் பழக்கம். வயர்ல ஏதோ கோளாறு, கரண்ட் இல்லாமலே சத்தம் போடுது, பாருங்க பாய்னேன். அவர் அடிப்பக்கம் கை வச்சவர் சட்டுனு இழுத்துக்கிட்டார். கழட்டிப் பார்த்தார், பூட்டினார், ஒரு கோளாறும் இல்லன்னுட்டார். என்னைப் பார்த்துச் சிரிச்சுகிட்டே கேட்டார்.

"மோட்டார்ல கை வைக்க முடியல, இப்பதான் ஓட்டி நிறுத்தியிருக்கீங்க. கரண்ட் இல்லன்னு யாருகிட்டம்மா கதை விடுறீங்க?"

நல்ல ஊர்

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. விடிஞ்சதும் பயம் போய் கோவம் வந்துடுச்சு. உசுரோட இருந்தப்பவும் இவ என்னை ஒரு வேலை உருப்படியா செய்ய விட்டதில்ல. வெங்காயம் பெருசு, உப்பு கம்மி, மல்லித்தண்டை ஏண்டி தூக்கிப் போட்டேன்னு பின்னாலயே நிப்பா. செத்தும் நிக்கிறா. சரி, நில்லுடின்னு விட்டுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, காலையில கடை திறந்து உள்ள போறப்ப ஆள் இருக்குதுன்ற நெனப்பு எனக்குத் தெம்பாத்தான் இருந்துச்சு.

குளிர்காலம் வந்ததும் ரோசாம்மா வந்தாங்க. மெக்சிகோ ஊர்க்காரம்மா, வருஷா வருஷம் மலையைச் சுத்த வந்து சில மாசம் தங்குவாங்க. கலாவுக்கு சல்சா சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். கலா போன சேதி அவங்களுக்குத் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முதல்ல ஒரு தட்டு கொண்டுபோய் வச்சேன். ஒரு சிப்ஸ்ல அள்ளி வாயில போட்டாங்க, கண்ணை மூடினாங்க, தட்டிப் பக்கம் திரும்பி "கலா, வெளிய வா"ன்னு கூப்பிட்டாங்க. நான் அழுதுட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், ஆரணி அம்மா, மிக்ஸி, எல்லாத்தையும். திடுக்கிடுவாங்கன்னு பார்த்தா, அவங்க பாட்டுக்கு சாப்பிட்டு முடிச்சு தட்டி ஓட்டையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு எனக்குப் பதில் சொன்னாங்க.

"எங்க ஊர்ல செத்தவங்க வருஷத்துக்கு ஒரு தடவை சாப்பிட வராங்க. இங்க தினம் வந்து சமைக்கிறாங்க. நல்ல ஊர்."

பச்சையம்மா வச்ச கெடு

ரோசாம்மா வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில சொல்லி, பூக்காரம்மாகிட்ட சொல்லி, வீட்டுக்குப் பின்கட்டுல இருக்குற பச்சையம்மா காதுக்கும் போயிடுச்சு. பச்சையம்மா அழுத்தமான பொம்பளை. கலா சாவுலயே கண்ணுல தண்ணி விடாதவங்க. அன்னைக்குக் கடைக்குள்ள வந்து மிக்ஸி முன்னால தரையில உக்காந்தவங்க எழுந்திருக்கவே இல்ல. பொண்ணு செத்தது ஒரு துக்கம்னா, போய்ச் சேராம நடுவுல அலையறான்னு கேக்குறது அதைவிடப் பெரிய துக்கம் பெத்தவளுக்கு. என்கிட்ட ஏண்டி மறைச்சேன்னு அவங்க திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு எனக்கு. திட்டல.

கலாவோட வருஷத் திதி வந்துகிட்டு இருந்துச்சு. செத்தவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சு படையல் போட்டு, மாடிச் சுவத்துல காக்காவுக்கு வைக்கணும். காக்கா எடுத்தா அவங்க மனசு குளிர்ந்து போயிட்டாங்கன்னு அர்த்தம். கலாவுக்கு சல்சான்னா உசுரு, அதனால சல்சாவும் வைக்கணும்னு பச்சையம்மா சொல்லிட்டாங்க. காக்கா அதை எடுக்கலன்னா கடை கிடையாது. எனக்கு இந்தக் கடையை விட்டா வேற நாதி இல்ல. கட்டினவன் போன இடம் தெரியல. கடை போச்சுன்னா வேங்கிக்கால்ல ஏதாவது ஒரு கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கத்தான் போகணும். இதெல்லாம் சொல்லி கையைப் புடிச்சுக் கெஞ்சினேன். அவங்க மிக்ஸியை விட்டுக் கண்ணை எடுக்கல.

"என் பொண்ணு போற வழி தெரியாம இதையே சுத்திகினு கிறா. அன்னிக்குக் காக்கா அத்தத் தொடலன்னா, நானே இத்தத் தூக்கிக் கெணத்துல போட்டுடுவேன்."

வாய் கட்டி அரைச்சது

படையலுக்குச் சமைக்கிறவங்க ருசி பார்க்கக் கூடாது. பார்த்தா எச்சில் ஆயிடும். எங்க பக்கம் சில வீட்டுல வாயைத் துணியால கட்டிக்கிட்டுத்தான் சமைப்பாங்க, பச்சையம்மா வீடும் அப்படி. கருவாட்டுக் கொழம்பு, வடை, பாயசம் எல்லாம் அவங்க வச்சாங்க. சல்சா என் பொறுப்பு. நம்ம தொழில்ல நாக்குதானே தராசு? தக்காளி ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் சப்புன்னு இருக்கும், தொட்டு நக்காம உப்பு போட முடியுமா? வாயைக் கட்டிக்கிட்டே அரைச்சேன். அன்னைக்குப் பார்த்து உள்ள யாரும் இருக்குற மாதிரியே தெரியல.

மாடிச் சுவத்துல இலையை வச்சுட்டு கலாவோட தம்பி முருகன் "கா, கா"ன்னு கூப்பிட்டான். காக்கா கூட்டமா வந்துச்சு. வடையை எடுத்துச்சு, சோத்தைக் கொத்துச்சு, கருவாட்டுக்கு சண்டை போட்டுச்சு. சல்சாகிட்ட வந்ததெல்லாம் தலையைச் சாய்ச்சுப் பார்த்துட்டு நகர்ந்துடுச்சு. காக்காவுக்குத் தக்காளி எங்கம்மா பிடிக்கும்னு முருகன் சமாதானம் சொன்னான். பச்சையம்மா முகம் சாம்பலாட்டம் ஆயிடுச்சு. எனக்குக் கிணத்துல மிக்ஸி விழுற சத்தமே கேட்ட மாதிரி இருந்துச்சு. திடீர்னு அவங்க சுவத்துகிட்ட போய் சல்சாவுல விரலை விட்டு வாயில வச்சுக்கிட்டாங்க. எச்சில் ஆயிடும்மான்னு கத்தினேன். அவங்க காதுல வாங்கல. "உப்பே போடலியேடி"ன்னாங்க.

ஆமாம், பயத்துல உப்பு போட மறந்திருக்கேன். முருகன் ஓடிப்போய் உப்பு எடுத்துட்டு வந்தான். பச்சையம்மா ஒரு சிட்டிகை போட்டு, கலந்து, நக்கிப் பார்த்தாங்க. இன்னொரு சிட்டிகை, இன்னொரு வாய். உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கலா இருந்த வரைக்கும் இந்தம்மா சல்சாவைத் தொட்டது கிடையாது. ஒரே ஒரு வாய் வைம்மான்னு அவ தட்டைத் தூக்கிக்கிட்டு பின்கட்டு வரைக்கும் போவா. வேகாததை மாடுதான் திங்கும்னு விரட்டி விடுவாங்க. இப்ப அதே அம்மா வெயில்ல நின்னுக்கிட்டு விரலை வழிச்சு வழிச்சு சாப்பிடறாங்க. அப்பதான் கீழ மிக்ஸி ஓடிச்சு. விட்டு விட்டு இல்ல. நீளமா ஒரே ஓட்டம், அப்புறம் அடங்கிடுச்சு. வீட்டுல இருந்த அத்தனை பேரும் மாடியிலதான் இருக்கோம். மூணு பேருக்கும் கேட்டுச்சு. மத்த காக்கா எல்லாம் பறந்துடுச்சு. எங்கிருந்தோ ஒண்ணு மட்டும் வந்து பச்சையம்மா கைக்குப் பக்கத்துலயே உக்காந்து, வேற எதையும் தொடாம, சல்சாவை மட்டும் மல்லித்தழையோட வழிச்சு சாப்பிட்டுச்சு. அந்த அழுத்தக்காரி அன்னைக்குத்தான் அழுதாங்க. கேட்டது என்னையா காக்காவையான்னு இன்னும் எனக்குத் தெரியாது.

"இவ்ளோ நல்லா கிதே, ஒரு நாளாச்சும் என் வாயில திணிச்சுட்டுப் போறதுக்கு என்னாடி உனக்கு?"

கடை இருக்கு

கடை நிலைச்சுது. மிக்ஸி இருந்த இடத்துலயே இருக்கு. பச்சையம்மா தினம் மத்தியானம் வந்து பெஞ்சுல உக்காந்து தட்டை சல்சா கேக்குறாங்க, காரம் பத்தலன்னு என்கூட சண்டை போடறாங்க. எல்லாரும் சொல்ற மாதிரி நல்லபடியாத்தான் முடிஞ்சுது. நான்தான் பைத்தியக்காரி மாதிரி மிளகாயைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், கை தானா பாதியை எடுத்து வைக்குதான்னு. வைக்கல. கரண்ட் இல்லாத நாள்ல வாசல்ல உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் கேக்கல. கடை போயிடக்கூடாதுன்னு மட்டும்தான் நான் அன்னைக்கு வேண்டிக்கிட்டேன். காக்கா எடுத்தா அவ போயிடுவான்னு எனக்கு ஏன் உறைக்கல? அவ செத்தப்ப ஆஸ்பத்திரி, எடுக்கிறது, காரியம்னு ஓடிட்டேன். இப்பதான் உக்காந்து அழறேன்.

போன வாரம் ஆட்டோ ஓட்டுற சேகர் வந்தார். கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வர்றவர், கலா போனதுக்கு மாலை வாங்கிட்டு வந்தவர். அப்புறமும் ஒரு வருஷமா தினம் இங்கதான் சாப்பாடு. ரெண்டு வாய் சாப்பிட்டார், மெல்லறதை நிறுத்தினார், தட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குறை சொல்றோமேன்னு சங்கடத்தோட மெதுவாத்தான் கேட்டார்.

"உள்ள ஆளை மாத்திட்டீங்களாக்கா? கை மாறிடுச்சே."

ஊர்ல எல்லாரும் பேயை ஓட்டத்தான் ஆள் வச்சிருக்காங்க, ஓடிப்போன பேயைத் திரும்பக் கூட்டிட்டு வர்ற ஆள் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நான் பாட்டுக்கு வெளிய நின்னு பரிமாறிக்கிறேன்.