அம்புக்குறி நின்ற பக்கம்

சென்ற ஆண்டு நான் படித்த புத்தகங்களின் பட்டியல் என் நாட்குறிப்பின் கடைசித் தாளில் இருக்கிறது. பதினான்கு தலைப்புகள். மேடையேறி, "இவ்வாண்டில் மட்டும் பதினான்கு நூல்கள்" என்று தொடங்கினால் கைதட்டல் விழும். தொடங்கியும் இருக்கிறேன், விழுந்தும் இருக்கிறது. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமும் எப்படி முடிந்தது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மூன்றுக்குத்தான் விடை வந்தது.

பாதியில் மூடுவது கல்லூரிப் பேச்சு மன்றத்தில் நாங்கள் பழகிய முறை. போட்டித் தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறப்போம். மூன்று கருத்துகளும் மேடைக்கேற்ற ஒரு வரியும் கிடைத்தால் மூடிவிடுவோம். அந்த முறையால் நான் தோற்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. படிப்பு முடிந்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் முறை மாறவில்லை, கருவி மட்டும் மாறியது. தைத்து வரும் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைச் சுட்டிச் சிறிய சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அதே ஸ்டிக்கரைத்தான் புத்தகத்தில் கருத்து கிடைத்த வரிகளிலும் ஒட்டினேன். ஒருமுறை உரிக்க மறந்து நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். நூலகர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் கண்ணு, இந்த புக்குல இத்தனை டேமேஜுங்களா? அப்படியே ரிட்டன் அனுப்பிச்சுடலாமா?" என்றார்.

அவிநாசிபாளையத்தில் கம்பெனி வேன் ஏறினால் வேலைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். படிப்பெல்லாம் அதில்தான். ஆனி மாதத்தில் ஒரு நாள், பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா என் கையிலிருந்த நாவலை எட்டிப் பார்த்தார். தேனிப் பக்கத்திலிருந்து வந்து, ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைப்பவர். சன்னலோர இருக்கை அவருடையது.

"வாய்க்குள்ளயே முனங்குறியே, கொஞ்சம் வெளிய விட்டாத்தான் என்னத்தா? எனக்கு வண்டில எழுத்து ஆடும்" என்றார்.

அன்று முதல் சத்தமாக வாசித்தேன். இரண்டு சகோதரிகளின் கதை. தாய் வீட்டைப் பாகம் பிரித்ததில் பேச்சு நின்றுபோகிறது. கிணறு மட்டும் பொது. அக்காள் விடியலில் நீர் இறைப்பாள், தங்கை வெயில் ஏறிய பின் இறைப்பாள். இருவருக்கும் அவரவர் கயிறு, அவரவர் நேரம். சில நாளில் முன் இருக்கைக்காரர்களும் காது கொடுத்தார்கள். கம்பெனி கேட்டில் ஓட்டுநர் அண்ணன் இரண்டு முறை ஹாரன் அடித்து, "நடுவர் மணி அடிச்சாச்சுங்க. பேச்சாளரம்மா எறங்கிக்கலாமுங்க" என்பார்.

அக்கா கதை கேட்கும் விதம் எனக்குப் புதிது. நான் வாசிப்பை நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்டினால் எரிச்சல்படுவார். "அவ அங்கன தண்ணிக் கொடத்தோட நிக்கிறா. நீ என்னத்த ஒட்டிக்கிட்டிருக்க? எறக்கி வைக்கச் சொல்லு அவள" என்பார். கதையில் வந்தவர்களுக்கு வலிக்கும் என்று அவர் நினைத்தார். அவர்கள் எனக்கு எதற்குப் பயன்படுவார்கள் என்று நான் நினைத்தேன்.

ஆவணியில் அனுப்பர்பாளையத்தில் ஒரு கோயில் விழாப் பட்டிமன்றம். உறவுகளைத் தாங்கி நிற்பது அன்பா, கடமையா என்பது தலைப்பு. எனக்குக் கடமை அணி. அந்த நாவலின் பாதியிலேயே எனக்கு வேண்டிய மூன்றும் கிடைத்துவிட்டன. பேசினேன், வென்றேன். பரிசாகக் கொடுத்த பித்தளைச் செம்பு வீட்டில் பூசை அலமாரியில் இருக்கிறது. அடுத்த வாரமே வேறு தலைப்பு வந்தது, வேறு புத்தகத்தை எடுத்தேன்.

வேனில் அக்கா அந்தப் புதிய அட்டையைப் பார்த்தார். "அந்தக் கிணத்துக்காரிக என்ன ஆனாளுக?"

படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான்கு சொல் கூட வேண்டாம். ஆனால் கேள்வி வந்தால் திகைத்து நிற்கக் கூடாது என்று பழகிய நாக்கு எனக்கு. "வீட்டுல படிச்சு முடிச்சுட்டேனுங்க்கா" என்று ஆரம்பித்து, ஒரு முடிவை அங்கேயே கட்டினேன். தங்கையின் கயிறு ஒரு நாள் அறுந்துவிடுகிறது. அக்காள் ஒரு குடம் இறைத்துத் தங்கை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். மறுநாள் அதே குடம் நிறைந்த நீரோடு அக்காள் வாசலுக்குத் திரும்பி வருகிறது. பேச்சு துளிர்க்கிறது. வேனில் யாரோ "சூப்பர்" என்றார்கள். அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தீபாவளி விடுமுறைக்கு முந்தைய நாள் காலை, வேன் கம்பெனியை நெருங்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அக்காவும் நானும் பேசி அஞ்சு வருசமாச்சு. அந்தக் கொடம் மனசுலயே நிக்குதுத்தா. இந்தத் தீவாளிக்கு நானே போய் அவ வாசல்ல நிக்கப் போறேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். கேட் வந்தது, ஹாரன் இரண்டு முறை அடித்தது, இறங்கிவிட்டேன்.

விடுமுறை முடிந்து வேன் பாதி காலியாக வந்தது. "ஊருக்குப் போனவங்க வர இன்னும் ஒரு வாரம் ஆகுமுங்க" என்றார் ஓட்டுநர் அண்ணன். வாரங்கள் போயின. மற்றவர்கள் வந்துவிட்டார்கள். சன்னலோர இருக்கையில் பீகாரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் அமர்ந்து, ஏறியதும் உறங்கத் தொடங்கினாள். நான் மறுபடியும் வாய்க்குள்ளேயே படித்தேன். ஒரு பக்கம் திருப்பினால், "அப்புறம்?" என்று பக்கத்திலிருந்து வர வேண்டிய குரலுக்காக என் காது தானாகக் காத்திருந்தது. வராதபோது அந்தப் பக்கம் எனக்கு ஏறவேயில்லை.

பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்த அந்த மார்கழி ஞாயிறுக்கு மறுவாரம், நூலகத்தில் அந்தக் கிணற்று நாவலைத் தேடி எடுத்தேன். உரிக்க மறந்த கடைசி அம்புக்குறி பாதிப் புத்தகத்தில் நின்றிருந்தது. அதன்பின் இருந்த பக்கங்களை ஒரே மூச்சில் படித்தேன். கயிறு அறுவதில்லை, குடம் எங்கும் போவதில்லை. அக்காள் ஊரைவிட்டே போய்விடுகிறாள். இனித் தங்கை எந்நேரமும் நீர் இறைக்கலாம். ஆனாலும் அக்காளின் நேரம் கடக்கும் வரை வெறுங்குடத்தோடு காத்திருந்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போகிறாள்.

அக்காவின் எண் என் கைபேசியில் இருந்தது. இத்தனை நாள் அழைக்காததற்கு வேறு காரணம் இல்லை. அழைத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் முன்னால் குறிப்பில்லாமல் பேசுகிறவள், மறுநாள் மதிய உணவு நேரத்தில் கம்பெனி மாடிப்படியில் நின்று, சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன். சொன்னேன். அந்த முடிவு என் கட்டுக்கதை என்றேன்.

"தெரியும்த்தா" என்றார் அக்கா. "புத்தகம் வாசிச்சா உனக்கு மூச்சு வாங்கும், நடுவுல தடுமாறுவ. அன்னைக்குத் தடுமாறவே இல்ல. மைக்குக்கு முன்னால நின்னது மாதிரி பேசுன."

"அப்புறம் எதுக்குங்க்கா போனீங்க?"

"யாராச்சும் ஒருத்தி கொடத்தத் தூக்கணும்ல."

"அப்புறம்?" என்று கேட்டேன். அவர் என்னிடம் எத்தனையோ முறை கேட்ட கேள்வியை, அதே ஏக்கத்தோடு நான் கேட்பது என் காதுக்கே கேட்டது. வாசலில் நின்றாராம். அவருடைய அக்காள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காலில் அறுவை சிகிச்சை செய்து கட்டிலில் கிடந்தார். இவர் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

"ரெண்டு மாசமா நாந்தான் பொங்கிப் போடுறேன். இன்னும் ஒரு வார்த்த பேசல. உப்புக் கொறஞ்சா தட்டத் தள்ளி வைப்பா, அம்புட்டுதான்" என்று சிரித்தார்.

"திரும்பி வருவீங்களாக்கா?"

"எங்கிட்டுத்தா வர? இவ எந்திரிச்சு நடக்கணும்." சற்று நிறுத்தி, "நெசமான முடிவு என்னா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "சொல்லாத. நீ சொன்னா நம்ப மாட்டேன். விட்ட எடத்துல இருந்து வாசி" என்றார்.

மறுநாள் காலை வேன் ஏறியதும் அழைத்தேன். அந்த அம்புக்குறியை உரித்து இருக்கையின் அடியில் ஒட்டிவிட்டு, அது நின்ற வரியிலிருந்து தொடங்கினேன். கைபேசியின் அந்தப் பக்கம் ஏதோ தாளிக்கும் ஓசை. அதற்குப் பின்னால் இன்னொருவர் இருமும் ஓசை.

"கொஞ்சம் பொறு, ஸ்பீக்கர்ல போடுறேன்" என்றார் அக்கா. இருமல் நின்றது. வாசித்தேன்.

இது தை மாதம். நாளுக்கு நான்கு பக்கம் வாசிக்க முடியும், ஆனால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த ஆண்டுப் பட்டியலில் இன்னும் ஒரு தலைப்புகூட ஏறவில்லை. புத்தகம் முடிந்த மறுநாள் காலை எதற்காக அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட் வந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம், அந்தப் பக்கத்திலிருந்து "அப்புறம்?" என்று வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.