சாமை காயும் பக்கம்

ஓர் ஊர் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தால், அந்த ஊரில் அதிகம் பேசுகிறவர் மீதுதான் முதலில் எல்லோர் பார்வையும் விழும். எங்கள் ஊரில் அதிகம் பேசுகிறவள் நான். இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கேடயங்கள் வைக்க இடமின்றி, எங்கள் வீட்டுப் பரணில் கேழ்வரகு மூட்டைகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கின்றன. மேடையில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையை உயர்த்த வேண்டும் என்பதை நான் முறையாகப் பயின்றிருக்கிறேன். என் பேச்சு ஒரு கூடைப்பந்து அணியைத் தோற்கடிக்கும் என்று குற்றம் சாட்டப்படும் நாள் வருமென்பதை மட்டும் எந்தப் பயிற்சியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கென்று ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி இருக்கிறது. என் மாமா பயிற்சியாளர். அவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். கூடைப்பந்தைக் கைப்பேசியில் பார்த்துக் கற்றவர். அவருடைய மகள், என் அத்தை மகள், அணித் தலைவி. அணியில் மற்றவர்களும் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களே. எங்கள் ஆடுகளம் ஊர் நடுவே உள்ள சிமெண்டுத் தளம். ஒரே ஒரு வளையம். தளத்தை ஒட்டி, ஊர்க்கூட்டங்களுக்காகக் கட்டிய மேடை. அந்த மேடையில் நின்றுதான் நான் பேசக் கற்றேன்.

தை மாதத்தில் திருப்பத்தூரில் போட்டி நடக்கும். தொடக்க ஆட்டங்களில் எங்கள் பெண்கள் எதிரணிகளைத் திக்குமுக்காட வைப்பார்கள். பிறகு அரையிறுதி வரும், தோற்பார்கள். மறு ஆண்டும் அரையிறுதி, மறுபடியும் தோல்வி. ஒருமுறை தோற்ற அணியின் ஆதரவாளர்களிடம் துக்கம் இருக்கும். தொடர்ந்து தோற்ற அணியின் ஆதரவாளர்களிடம் இருப்பது வேறொன்று. அதற்குத் துக்கம் என்று பெயரிட்டால் துக்கம் கோபித்துக்கொள்ளும். அத்தை வளையக் கம்பத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். தோற்ற நாளில் மாமா வண்டியில் ஹாரன் அடிக்க மாட்டார். ஹாரன் மகிழ்ச்சியான ஒலி, தோற்றவனுக்கு அது எதற்கு என்பது அவர் கொள்கை. மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், பின்னால் நிற்கும் நாங்கள் ஊரே சேர்ந்து "பாம்... பாம்..." என்று கத்திக்கொண்டு வருவோம்.

நான் ஆண்டுதோறும் அரையிறுதிக்கு முன் மேடையேறி வழியனுப்பு உரை ஆற்றுவது வழக்கம். கடந்த முறை ஆற்றியது என் உரைகளிலேயே சிறந்தது. கோப்பை எந்த வழியாக ஊருக்குள் வரும், எந்த வீட்டில் முதலில் வைக்கப்படும் என்பது வரை அதில் விளக்கியிருந்தேன். அன்றும் தோற்றோம்.

இந்த ஆண்டு அரையிறுதிக்கு முதல் நாள் மாலை ஊர் கூடியது. நான் மேடையில் ஏறக் காலெடுத்து வைத்தபோது அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"போன வருசம் இவ பேசினா, தோத்தோம். அதுக்கு முன்ன வருசமும் பேசினா, அப்பவும் தோத்தோம். இன்னாடி சொல்ற இதுக்கு?"

"நான் பேசாத நாள்லயும்தான் ஊர்ல எதுனா கெட்டுப் போவுது அத்த. அதுக்கும் நானா பொறுப்பு?"

"நீ பேசாத நாள் எது, அதச் சொல்லு மொதல்ல."

கூட்டம் சிரித்தது. விவாதத்தில் எதிரணி சிரிப்பைப் பெற்றுவிட்டால் பாதி தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். அத்தை எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாதவர். ஆனால் இதை அறிந்தவர். அடுத்த வாதத்துக்கு உடனே தாவினார்.

"தேன் எடுக்கப் போறவங்க, அடை கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறப்பாங்களா? எவ்ளோ வரும், இன்னா வரும்னு பேசினா அன்னிக்கு ஒண்ணும் வராது. இது நம்ம ஊர்ல குழந்தைக்கும் தெரியும். இவ இன்னாடான்னா, மரத்துல ஏறும்போதே யாருக்கு எத்தன கிண்ணம்னு பங்கு போட்டுக் குடுக்கறா."

எங்கள் மலையில் தேன் எடுக்கும்போது அப்படியொரு வழக்கம் உண்டு. அதைக் கூடைப்பந்துக்குப் பொருத்தலாமா என்று நான் எழுப்பிய கேள்வியை எவரும் பொருட்படுத்தவில்லை. ஊர் முடிவு செய்தது: மறுநாள் ஆட்டம் முடியும் வரை எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. எனக்கு மட்டும் தனியாக ஒரு நிபந்தனை. நான் வாய் திறந்தால் இனி அந்த மேடையில் ஏற முடியாது.

அன்றிரவு என் நிலைமையை நான் நிதானமாக ஆராய்ந்தேன். நான் பேசாமலிருந்து அணி வென்றால், இத்தனை ஆண்டுத் தோல்விக்கும் என் பேச்சே காரணம் என்பது உறுதியாகிவிடும்; மேடை போனது போனதுதான். அணி தோற்றால் நான் குற்றமற்றவள். ஆனால் அத்தை மகள் அழுவாள், மாமா ஹாரன் அடிக்க மாட்டார். என் அணி வெல்ல வேண்டுமென்று நான் மனமார விரும்பினேன். விரும்பிய கையோடு, பரணில் ஏறிக் கேடயங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

திருப்பத்தூர் மைதானத்தில் எதிரணியின் ஆதரவாளர்கள் பறை, விசில், தகர டப்பா என்று சகலத்தோடும் வந்திருந்தார்கள். நாங்கள் எதிர்ப்பக்கத்தில் வரிசையாக, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். எதிரணிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்து அத்தையிடம் மெல்லக் கேட்டார்.

"இன்னாங்க, வூட்ல யாராவது தவறிட்டாங்களா?"

அத்தை இல்லையென்று தலையசைத்தார். அந்த அம்மா நம்பவில்லை, அத்தையின் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டு, திரும்பிப் போய்ப் பறையைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தார். சுண்டல் விற்றவர்கூட எங்கள் முன்னால் வரும்போது குரலைத் தாழ்த்தினார்.

துயரம் என்னவென்றால், தடை மாமாவுக்கும் பொருந்தியது. டைம் அவுட் கேட்டு, பெண்களைச் சுற்றி நிறுத்தி, கையால் பாடம் நடத்தினார். எதிரணியின் உயரமான பெண்ணை மடக்கி நிறுத்துங்கள் என்பதற்காகத் தம் வயிற்றுக்கு முன்னால் கைகளைக் குறுக்கே கட்டிக் காட்டினார். அவருக்கு வயிற்றுவலி என்று எண்ணி ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நாங்கள் பின்தங்கிக்கொண்டே போனோம். கத்த முடியாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் ஓர் ஆட்டத்தை வாய் மூடிப் பார்த்தது அதுவே முதல் தடவை. அப்போதுதான் அதைக் கண்டேன். எங்கள் பெண்கள் பந்தோடு வளையத்தை நோக்கி நேராக ஓடி வருகிறார்கள். ஓரிடம் வந்ததும் ஒருத்தி தவறாமல் எல்லோரும் வலப்பக்கமாக வளைந்து போகிறார்கள். இடப்பக்கம் ஆளே இல்லாமல் திறந்து கிடக்கிறது. அங்கே ஒரு கால்கூடப் படுவதில்லை. எதிரணியினர் இதை எப்போதோ கண்டுகொண்டு, மொத்தப் பேரும் வலப்பக்கத்தில் சுவர் போல நிற்கிறார்கள்.

இடப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திருப்பத்தூரில் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் அங்கே சாமை காய்கிறது.

எங்கள் ஊர்த் தளத்தின் வலப்பக்கம் பலாமர நிழல். இடப்பக்கம் நல்ல வெயில். அறுவடை தொடங்கியதிலிருந்து போட்டி நாள் வரை அந்தப் பக்கம் முழுதும் சாமையைப் பரப்பி வைத்திருப்போம். பரப்பிய தானியத்தில் எங்கள் ஊரில் யாரும் காலை வைக்க மாட்டார்கள். பயிற்சி நடந்ததெல்லாம் சாமையைச் சுற்றித்தான். அந்தப் பெண்களின் கால்கள் சாமை இல்லாத ஊரிலும் சாமையைச் சுற்றிக்கொண்டு போயின.

தோல்வியின் காரணத்தை அந்த மைதானத்தில் அறிந்த ஒரே ஆள் நான். அதைச் சொல்லும் ஆற்றல் பெற்ற ஒரே ஆளும் நான். என்னால் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது.

எழுந்து நின்றேன். அத்தையின் முன்னால் வந்து, மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போலக் கைகளை விரித்தேன். பரப்பினேன். பலகையால் இழுத்துக் கிளறினேன். அத்தை என் தொடையைக் கிள்ளி, உட்கார் என்று கண்ணால் அதட்டினார். நான் விடவில்லை. இரண்டு கைகளையும் வீசி, குனிந்து, ஓடி, இல்லாத கோழிகளை விரட்டினேன். எதிரணியின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். துக்கம் இந்தப் பெண்ணின் தலைக்கு ஏறிவிட்டது என்று அவர் முகம் சொன்னது.

ஆனால் கோழி விரட்டுவதை அத்தை அறிவார். அறுவடைக் காலத்தில் நாள் முழுதும் அவர் செய்வது அதைத்தான். என்னைப் பார்த்தார். நான் காட்டிய திசையைப் பார்த்தார். அவர் மகள் பந்தோடு ஓடி வந்து, அதே இடத்தில் வலப்பக்கம் வளைவதைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, மலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கும் குரலில் கத்தினார்.

"அங்க சாமை இல்லடி! மெதிச்சிக்கினு போடி!"

அணித் தலைவி பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இடப்பக்கத் தரையைக் குனிந்து பார்த்தாள். குளத்து நீரில் இறங்குகிறவளைப் போல ஒரு காலை மெல்ல வைத்துப் பார்த்தாள். பந்தோடு நின்று இப்படி நடந்ததற்காக நடுவர் விசிலடித்து, பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். அது போகட்டும். அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் அவள் இடப்பக்கமாகப் பாய்ந்தாள். அங்கே அவளைத் தடுக்க ஒருவரும் இல்லை. பந்து வளையத்துக்குள் விழுந்தது.

அதற்குப் பிறகு தேன் வழக்கத்தை யாரும் நினைக்கவில்லை. அதுவரை அடக்கி வைத்த சத்தம் முழுவதும் ஒன்றாகப் புறப்பட்டது. எங்கள் பெண்கள் இல்லாத சாமையை மிதித்து மிதித்து விளையாடினார்கள். பின்தங்கிய புள்ளிகளை ஏறக்குறைய எட்டிவிட்டார்கள். கடைசி நொடியில் அத்தை மகள் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி, சுற்றி, சிறிது நேரம் யோசித்து, வெளியே விழுந்தது. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

திரும்பும் வழியில் மாமா ஹாரன் அடிக்கவில்லை. வளைவுகளில் நாங்கள் "பாம்" என்றோம். நாலைந்து வளைவு கடந்ததும் நான் அத்தையிடம் அனுமதி கேட்டேன்.

"நான் இப்ப பேசலாமா அத்த?"

"பேசு, பேசு. இதுக்கு மேல கெட்டுப் போறதுக்கு இன்னா கீது."

வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். அன்று ஆற்றிய உரையை இன்றும் பெருமையோடு நினைக்கிறேன். ஆடுகளம் ஆட்டத்துக்கே உரியது என்று நிறுவினேன். சாமை உணவு, அதைக் காய வைப்பது கடமை என்பதையும் ஒப்புக்கொண்டேன். பின்பு குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, என் இறுதி வாதத்தை எடுத்தேன்: "வெயில் படும் தளம் நம் ஊரில் அது ஒன்றுதானா? ஆண்டில் சில நாள் மட்டுமே பயன்பட்டு, எஞ்சிய நாளெல்லாம் வெயிலில் வெறுமனே கிடக்கும் சிமெண்டுத் தளம் வேறெதுவும் இல்லையா? சிந்தித்துப் பாருங்கள்."

எல்லோரும் சிந்தித்தார்கள். அடுத்த வளைவில் "பாம்" என்று கத்தக்கூட மறந்துவிட்டார்கள். பிறகு ஓட்டுநர் இருக்கையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"அவ மேடதான்."

என் வாழ்நாளில் நான் பெற்ற மிகப் பெரிய கைதட்டல் அது. மாமா ஹாரனை ஓங்கி அடித்தார். மறுக்க நான் வாய் திறந்தேன். என் வாதத்தை என்னாலேயே உடைக்க முடியவில்லை. அவ்வளவு உறுதியாக அதைக் கட்டியிருந்தேன்.

இப்போது அடுத்த அறுவடையும் முடிந்து மேடை முழுதும் சாமை காய்கிறது. கீழே தளத்தில் பெண்கள் இடப்பக்கமாகவே ஓடிப் பழகுகிறார்கள். இன்னும் அந்த இடம் வந்ததும் காலைச் சற்று உயர்த்தித்தான் வைக்கிறார்கள். நான் அடுத்த போட்டிக்கான உரையை மேடையின் ஓரத்தில், ஒரு பாதம் வைக்கும் அளவு விட்ட இடத்தில் நின்று பயிற்சி செய்கிறேன். நேற்று நான் முன்னுரையைத் தொடங்கியதும் கோழிகள் ஏறி வந்தன. அத்தை வாசலிலிருந்து கத்தினார்.

"பேசிக்கினே அதுங்கள வெரட்டுடி."

கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தினேன். கோழிகள் இறங்கி ஓடின.