உமரி முளைத்த மதகடி

தவமணி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். கொழுந்து பறிக்கும் அந்தக் குடும்பத்திலிருந்து தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பதுளையில் அவளுடைய வகுப்பில் இரண்டே பெண்கள். மற்றவள் நஸ்மியா, கடைவீதித் துணிக்கடைக்காரரின் மகள். இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். ஆனால் ஆசிரியர் நஸ்மியாவைப் பாராட்டிய நாட்களில் தவமணிக்குச் சோறு இறங்காது.

வேலைக்குப் போயும் அது தீரவில்லை. 2006இல், ஆழிப்பேரலை உடைத்த கடலோரப் பாதையைத் திருத்த ஒரே கம்பனி இருவரையும் பொத்துவில் பக்கம் அனுப்பியது. தவமணிக்குப் பாதைக்கு அடியில் தண்ணீர் போக மதகு கட்டும் வேலை. பாதைக்கு உட்புறம், கடல்நீர் ஏறினால்தான் வளரும் உமரிச்செடி படர்ந்த உவர்ச்சதுப்பு. அதைக் காப்பது நஸ்மியாவின் பொறுப்பு. தோண்டும் இடத்து உமரியை மண்ணோடு பெயர்த்து ஈரச்சாக்கில் வைத்திருந்து, பிறகு திரும்ப நட வேண்டும். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் செடி நசுங்காதபடி பலகை மேல்தான் ஓட வேண்டும்.

மதகுக்கு அடித்தளக் கொங்கிரீட் போட்ட அன்று கொழும்பிலிருந்து விருந்தினர் வந்தார்கள். சேற்றில் வெறுங்காலோடு நின்ற நஸ்மியாவைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள். பின்னால் சிமெந்து அப்பிய கையோடு நின்ற தவமணியிடம் ஒருவர், “கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?” என்றார். அவள் தள்ளி நின்றாள்.

அடுத்த வாரம் நஸ்மியா ஒரு கலியாணத்துக்காகப் பதுளைக்குப் போயிருந்தாள். பெக்கோ ஓட்டும் மர்ஸூக் வந்து கேட்டார்: “மிஸ், பலகை போட நேரமாகும். நேரா போகவா?”

வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். தவமணி சதுப்பைப் பார்த்தாள்.

“போங்க” என்றாள்.

சக்கரங்கள் உமரியை நசுக்கிக்கொண்டு போயின. பழைய மதகை அடைத்திருந்த இடிபாட்டை இயந்திரம் வாரியதும் கடல்நீர் உள்ளே புகுந்து சக்கரத் தடங்களில் ஓடியது. கடல் ஏறும் பெருக்கு நேரம் அது. இருந்தும், புதிய குழாய்கள் உட்காரும் மட்டத்தைக் காட்ட அவள் அடித்திருந்த முளைக்கு ஒரு சாண் கீழேயே தண்ணீர் நின்றுவிட்டது.

அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. வரைபடத்தில் உள்ளபடி கட்டினால் சதுப்புக்குள் கடல்நீர் ஏறாது. நஸ்மியா நடுவதெல்லாம் காய்ந்துவிடும். முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்படியே கட்டிவிட்டால் யாரும் அவளைக் குறை சொல்லவும் முடியாது. பிறகு வேறொரு எண்ணம் வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. மதகைத் தாழ்த்தினால் தண்ணீரே உமரியை வளர்க்கும். அப்போது அது நஸ்மியாவின் சதுப்பு அல்ல, தன்னுடையது.

அன்று மாலையே பொறியியலாளர் அம்பலவாணரிடம் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் மசியாதவர்.

“போட்ட அத்திவாரத்தை உடைக்கச் சொல்லுறீரோ, பிள்ளை?”

“ஆமாங்க சேர். நாளைக்குப் பெருக்கு நேரத்துல நீங்களே வந்து பாருங்க.”

அவர் வந்து பார்த்தார். தண்ணீரையும் முளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, அத்திவாரத்தை உடையும்” என்றார்.

நஸ்மியா திரும்பி வந்ததும் கண்ணில் பட்டது சக்கரத் தடம்தான்.

“யார் போகச் சொன்ன?”

“நான்தான்.”

“ஏன் தவம்?”

“ஒன்னையதானே எல்லாரும் பாக்குறாங்க. தாங்க முடியல.”

நஸ்மியா சேற்றில் குந்தி, நசுங்கிய செடிகளைக் கையால் நிமிர்த்தத் தொடங்கினாள். தவமணி உதவப் போகவில்லை. மதகு முடியும்வரை இருவரும் வேலைப் பேச்சு மட்டுமே பேசினார்கள்.

மறுவருடம் சதுப்பு நிறைந்தது. நஸ்மியா நட்டதில் பாதி பட்டுப்போயிருந்தது. ஆனால் தண்ணீர் கொண்டுவந்த விதைகளில் அதைவிட அதிகமாக உமரி முளைத்தது. கொக்குகளும் வந்தன. பத்திரிகையில் நஸ்மியாவின் படம் வந்தது. மதகைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மதகைத் தாழ்த்தியது தவமணி என்று நிருபரிடம் இரண்டு தடவை சொன்னதாக நஸ்மியா பிறகு சொன்னாள். தவமணி அதை நம்பினாள். நம்பியும் எரிச்சல் அடங்கவில்லை.

நஸ்மியா கொழும்பில் பெரிய உத்தியோகத்துக்குப் போனாள். தவமணி நமுனுகுல பக்கத்துத் தோட்டப் பாதைகளுக்கு மதகு கட்டினாள். அவள் கட்டியது எதுவும் மழைக்கு அடைத்துக்கொண்டதில்லை.

பெருநாள் முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் நஸ்மியா வட்டிலப்ப இனிப்போடு தவமணி வீட்டுக்கு வருவாள். சிரித்துப் பேசுவார்கள். பேச்சு பொத்துவில் பக்கம் திரும்பினால் மட்டும், “இரு, தேத்தண்ணி ஊத்திட்டு வாறேன்” என்று தவமணி எழுந்து போய்விடுவாள்.