மாமி காய்ச்சிய சோளன் குறுணல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சாதாரணதரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வீடு கட்டும் மேசன் வேலை செய்பவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம். எங்கள் ஊர் வாசிகசாலை மலருக்குப் பிடித்த சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை கேட்டார்கள். மறுக்கவும் கூச்சப்பட்டு ஒப்புக்கொண்டேன். சோளன் குறுணலைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் மாமியை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. மாமி என்றால் என் மனைவியின் தாய். மாமியை எழுதினால் அவருடைய மகனையும் எழுத வேண்டும். மகனை எழுதினால் அடிதடியைத்தான் எழுத வேண்டும். சாப்பாட்டுக் கட்டுரை என்று வாசிக்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கதிரவெளியில் பிறந்தவன். கலியாணம் முடித்து, குருக்கள்மடத்துக்குப் பக்கத்திலுள்ள மனைவி வீட்டுக்கு வந்தேன். வந்த மறுநாள் காலையில் மாமி உரலில் சோளன் இடித்துக்கொண்டிருந்தார். யாரையோ அடிப்பது போல இடிப்பார். வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரையிலிருந்து வரும் காய்ந்த சோளனுக்குத் தண்ணீர் தெளித்து இடித்து, சுளகில் தோலைப் புடைத்து, திரிகையில் உடைத்து, அரிதட்டில் மாவை அரித்து எடுத்துவிடுவார். மிஞ்சுவதுதான் குறுணல். கொதிக்கிற தண்ணீரில் அதை ஒரு கையால் தூவி மறு கையால் துழாவ வேண்டும். நிறுத்தினால் கட்டி பிடித்துவிடும். வெந்து வரும்போது குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும். தெறித்தது தண்ணீர் போல வழிந்து போகாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். மாமியின் வலது கை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன. இப்போது குறுணல் மில்லில் உடைபட்டுப் பையில் வருகிறது. என் பிள்ளைகள் அதில் பால்மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு ஓடுகிறார்கள்.

ஒரே சட்டியில் மாமி ஆளுக்கு ஒரு விதமாகச் செய்வார். என் மனைவிக்குத் தளர்வாக, தேங்காயின் தலைப்பால் விட்டு, சீனியும் ஒரு கிள்ளு உப்பும் போட்டுக் கோப்பையில் குடிக்க வேண்டும். மாமி தனக்கென்று எடுப்பது நேற்றையது. ஆறி இறுகிக் கிடப்பதை எருமைத் தயிரில் பிசைந்து பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வார். எனக்குச் சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தல்தான் பிடிக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகனுக்குச் செய்வதுதான் பெரிய வேலை. தண்ணீர் வற்றும்வரை துழாவிக் களி போல இறுக்கி, தட்டில் கவிழ்த்து, நடுவில் குழி செய்து, ஆற்று இறாலை முருங்கை இலையோடு குழம்பு வைத்து அந்தக் குழியில் ஊற்ற வேண்டும். மகன் அதை ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிடுவாராம். நான் அங்கே போன காலத்தில் அவர் வீட்டில் இல்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கம் கலியாணம் முடித்துப் போயிருந்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். வீட்டு உறுதிப் பத்திரத்தையும் பெண்ணின் பேரில்தான் எழுதுவார்கள். இதில் ஒருவருக்கும் குறையில்லை, மனைவி துரத்திவிடும்வரை. மாமியின் மகனை, அதாவது என் மச்சானை, அவர் மனைவி துரத்திவிட்டாள். ஒரு மத்தியானம் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் வாசல் படலையில் நின்றார். முன்பற்கள் இரண்டு இல்லை.

"ஆரு மனே அடிச்ச?" என்று மாமி ஓடினார்.

"அவள்ட அண்ணன்மார்."

"நீ என்ன செஞ்ச?"

"நான் ஒண்டும் செய்யல்ல."

மாமி அவருடைய காதைப் பொத்தி ஒரு அறை விட்டார். "ஒண்டும் செய்யாதவனுக்குப் பல்லு ஏன்டா போகுது? அவளுக்கு எத்தின பல்லு போன?"

அன்றைக்கு மச்சானுக்கும் குறுணலைத் தளர்வாகத்தான் காய்ச்ச வேண்டியிருந்தது. இரத்தம் கலந்து கலந்து குடித்தார்.

வீட்டின் பின்னறையைத் தனக்குத் தரச்சொல்லி அவர் கேட்டது அதற்கு அடுத்த கிழமை. என் மனைவி முடியாது என்றாள். "அவன் அவள அடிச்ச மாதிரி இங்கயும் ஒரு நாளைக்கு ஆரையும் அடிச்சுக் கொல்லுவான். என்ட புள்ளயோட நான் பயந்து படுக்கேலாது" என்றாள். அன்று மச்சான் கத்தி எடுத்து, குலை தள்ளியிருந்த வாழைகளை எல்லாம் வெட்டிச் சாய்த்தார். பிறகு ஆற்றங்கரையில் ஒரு மீன்வாடிக் கொட்டிலில் படுத்துக்கொண்டு, நாலைந்து நாளுக்கு ஒரு தரம் குடித்துவிட்டு வந்தார். வரும்போதெல்லாம் ஏதாவது உடைந்தது. ஒரு நாள் ஜன்னல் கண்ணாடி, ஒரு நாள் என் சைக்கிள். ஒரு நாள் தன் தங்கையை, என் மனைவியை, தலைமயிரில் பிடித்துக் கிணற்றடிவரை இழுத்துக்கொண்டு போனார். அவள் அவருடைய கையைக் கடித்துச் சதையைத் துப்பினாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கா, பகல்லயும் கூத்தா?" என்று கேட்டாள். "ஓம் கா, நீயும் வந்து ஒரு வேஷம் கட்டன்" என்றார் மாமி. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்றேன். எல்லாச் சண்டையிலும் நான் அங்கேதான் நின்றேன்.

கடைசியாக அவர் வந்த காலையில் குடித்திருக்கவில்லை. குளித்து, தலை சீவி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு பை நிறைய இறால். வாடிக்காரர் கொடுத்தது என்று அதை மாமியின் முன்னால் வைத்தார். மாமி உரலில் சோளனைக் கொட்டினார். மச்சான் அடுப்படி நிலத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக் கொடுத்தார். பல் போன இடத்தைச் சுட்டி, "இனிக் களியை இதுக்குள்ளால உருட்டி விடலாம் அம்மா" என்றார். மாமி சிரித்துவிட்டார். அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

கிணற்றடியில் மனைவி என் காதோடு சொன்னாள்: "பின்னறையக் குடுப்பம். அம்மா ஒவ்வொரு நாளும் அழுறா, என்னால பாக்கேலாது. அண்ணன் சாப்பிட்டு முடியட்டும், மறுகா நானே சொல்லுறன்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷத்தில்தான் பிழை செய்தேன். அடுப்படிக்குள் போனபோது மாமி மகனின் பங்கைத் தட்டில் கவிழ்த்து, குழியில் குழம்பை ஊற்றி முடித்திருந்தார். மற்றவர்களுக்கான குறுணல் சட்டி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நான் அதுவரை யாருக்கும் சாப்பாடு போட்டதில்லை. மாமியின் கையிலிருந்து தட்டை வாங்கி மச்சான் முன்னால் வைத்தேன். ஏதாவது அன்பாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்காரர்கள் விருந்தாளிக்குச் சொல்வதுதான் எனக்குத் தெரியும்.

"வெட்கப்படாமச் சாப்பிடுங்க மச்சான். உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கங்க."

மச்சான் தட்டைப் பார்த்தபடி இருந்தார். மாமியின் அகப்பை நின்றுவிட்டது.

"என்ட வீடு மாதிரியா?" என்றார் மெதுவாக. "இந்தா, இவடத்த விழுந்து பிறந்தவன்டா நான். கதிரவெளியால வந்த நீ எனக்குச் சோறு போட்டு வெட்கப்படாத எண்டு சொல்லுற. எங்கடா போற நான்? ஒரு வீட்டில அடிச்சுத் துரத்துறானுகள், மற்ற வீட்டில விருந்தாளியா?"

தட்டு என் முகத்தில் விழுந்தது. கண்ணில் குழம்பு எரிந்ததால் அவர் உலக்கையை எடுத்ததை நான் பார்க்கவில்லை. தோள் எலும்பு முறிந்த சத்தத்தைத்தான் கேட்டேன். இரண்டாவது அடி முழங்காலில் விழுந்தது, நான் நிலத்தில் கிடந்தேன். மனைவி ஓடிவந்து அவருடைய முதுகில் தொங்கினாள். அவர் முழங்கையால் இடித்ததில் அவள் உதடு கிழிந்து சுவரோடு போய் விழுந்தாள். "போடு மனே. உலக்கையக் கீழ போடு மனே" என்று மாமி இரண்டு தரம் சொன்னார். உலக்கை என் தலைக்கு நேரே உயர்ந்தது. மூன்றாம் தரம் மாமி சொல்லவில்லை. கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் தூக்கி மகனின் நெஞ்சில் ஊற்றினார்.

அவர் உடனே கத்தவில்லை. உலக்கை கீழே விழுந்தது. கழுத்திலிருந்து வயிறுவரை ஒட்டியிருந்ததைக் கையால் வழித்தார். குறுணலோடு தோலும் சேர்ந்து வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கத்தினார். "ஐயோ என்ட மனே" என்று மாமி அவரைக் கட்டிப்பிடித்து, சட்டையைக் கிழித்து, மிச்சத்தைத் தன் கையால் வழித்து எறிந்தார். மனைவி குடத்துத் தண்ணீரை இருவர் மேலும் ஊற்றினாள்.

ஊரில் அந்த நேரம் கிடைத்தது ஒரு ஆட்டோதான். நடுவில் மாமி, ஒரு பக்கம் மகன், மறு பக்கம் நான். மாமி கொப்புளித்த கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். குழியில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் நானும் மச்சானும் சேர்ந்து முனகினோம். "அம்மா எரியுது, அம்மா எரியுது" என்று அவர் மாமியின் தோளில் தலையைச் சாய்த்திருந்தார். அறையைத் தரத்தான் இருந்தோம் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. காலையில் அதைத் திறந்ததால் நடந்தது போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி, "ஆரு இதைச் செஞ்ச?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் மாமி.

"ஏன்?"

"என்ட மருமகனக் கொல்லப் பாத்தான்."

"கொல்லப் பாத்தது ஆரு?"

மாமி தன் கைகளைப் பார்த்தார். "என்ட மகன்" என்றார். எனக்குத் தோளைக் கட்டி, கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கூப்பிட்டதற்கு மாமி வரவில்லை. "நீங்க போங்க மருமகன். பெத்த புள்ளயச் சுட்டுப்போட்டு அந்த வீட்டில எனக்குச் சோறு இறங்காது. அவன் எங்க இருக்கானோ நானும் அங்கதான்" என்றார். அந்தச் சொல்லை அவர் மாற்றவேயில்லை. மகனோடு வாடகை வீட்டில் இருந்துதான் இறந்தார். மகள் அன்றைக்கு அறையைத் தர ஒப்புக்கொண்டிருந்தாள் என்பது மாமிக்குத் தெரியாது. மனைவி சொல்லவேண்டாம் என்றாள், நானும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். மச்சான் வாசிக்கக்கூடும்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த நாள் காலையில் மனைவி கடைக்குப் போய்ப் பின்னறைக்கு ஒரு பூட்டும், காலைச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு ஒரு இறாத்தல் பாணும் வாங்கி வந்தாள்.